மகாராணி குடுத்த கமிஷன்

இந்தப் பக்கம் வாங்கம்மா, ஜன்னல் ஓரமா உக்காருங்க. அந்தப் பலகையில வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். என் மூட்டையை நான் காலுக்கடியில தள்ளிக்கறேன். பாளையங்கோட்டைக்கா போறீங்க? கையில குடையும் வேதப்புத்தகமும் பார்த்தப்பவே நினைச்சேன், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவாத்தான் இருக்கும்னு. நான் மணியாச்சியில இறங்கணும். நாகப்பட்டணத்துலேருந்து வர்றேன். நேத்து ஏறினது, இடுப்பு விட்டுப்போச்சு.

விசேஷத்துக்குப் போகலைம்மா, துக்க வீட்டுக்குத்தான். எங்க வீட்டுக்காரரோட தம்பி தவறிட்டார். தந்தி வந்துது. நான் போய்ச் சேர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருக்கும், முகத்தைப் பார்க்க முடியாது. என்ன, அழுத மூஞ்சியா தெரியலையேன்னு பார்க்கறீங்களா? அழுதேன். தந்தியைப் படிச்சுச் சொன்ன உடனே உக்காந்து அழுதேன். கல்யாணமாகி வந்த புதுசுல அந்தப் பிள்ளைக்கு என் கையால சோறு போட்டிருக்கேன், அழாம இருப்பேனா? ஆனா அந்தக் குடும்பம் மணியாச்சிக்குக் குடிபோனதுக்கு அப்புறம் அந்த வீட்டுப் படியை நான் மிதிச்சதில்ல. இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் போறேன். தலையை நிமிர்த்திக்கிட்டுத்தான் போவேன். நான் எந்தத் தப்பும் பண்ணல. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

இறந்தவர் பேர் வேதமாணிக்கம். மணியாச்சியில ஸ்டேஷன் மாஸ்டர். ஆனா நாகப்பட்டணத்துல போய் ஸ்டேஷன் மாஸ்டர் வேதமாணிக்கம்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. கேப்டன் வேதமாணிக்கம்னு கேளுங்க, இன்னைக்கும் ஊரே கதை சொல்லும். ஆமா, கேப்டன். இடுப்புல கத்தி, தலையில இரும்புக்கூம்பு வெச்ச தொப்பி, எல்லாம் உண்டு. சிரிக்காதீங்க, நெசந்தான்.

வாலண்டியர் பட்டாளம்னு கேள்விப்பட்டிருப்பீங்களே. ரயில்வேயில வேலை பார்க்கற வெள்ளைக்காரங்களையும், பாதி வெள்ளைக்காரங்களான சட்டைக்காரங்களையும் சேர்த்து ஆரம்பிச்சாங்க. வாரம் பூரா அவங்கவங்க வேலை, சனிக்கிழமை சாயங்காலம் ஆனா துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டுக் கடற்கரையில பரேடு. தண்டவாளம் போடற இன்ஜினீயர் துரைதான் அன்னைக்கு மட்டும் கர்னல் துரை. அப்புறம் மேல இருக்கறவங்க என்ன நினைச்சாங்களோ, கால்சட்டை போடற நம்ம கிறிஸ்தவங்களும் சேரலாம்னு சொன்னாங்க. சம்பளம் கிடையாது. அதைக் கேட்டப்பவே எனக்குச் சந்தேகந்தான். நான் மண்டிக்காரன் மகம்மா. மன்னார்குடியில எங்க அப்பா நெல்லு மண்டி வெச்சிருந்தார். சம்பளம் இல்லாம ஒருத்தன் வெயில்ல நிக்கறான்னா வேற வழியில ஏதோ வருதுன்னு அர்த்தம். எங்க அப்பா வாயால நூறு தடவை கேட்டிருக்கேன்.

அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் சேர்ந்தாங்க. இதை மனசுல வெச்சுக்குங்க, ஒரே நாள். ஒரே தையக்காரன் வந்து அளவெடுத்தான். மார்பளவு எங்க வீட்டுக்காரருக்குத்தான் ஜாஸ்தி. அவுங்க அப்ப கூட்ஸ் ஷெட்டுல குமாஸ்தா. குறி பார்த்துச் சுடறதுலயும் அவுங்கதான் கெட்டி. தானா சொல்லிக்க மாட்டாங்க, அதனால நான் சொல்றேன். வேதமாணிக்கம் சுட்டா பனைமரத்துக் காக்காயோட தூக்கம்கூடக் கலையாது. அப்புறம் எப்படிக் கேப்டன் ஆனார்னு கேக்கறீங்களா? தொண்டை. வெறும் தொண்டைதாம்மா. அவர் ஒரு சத்தம் போட்டார்னா கரைவலை இழுக்கறவங்க கயித்தை விட்டுட்டுத் திரும்பிப் பார்ப்பாங்க. கோயில்ல ஆமென் சொன்னாக்கூட உத்தரவு போடற மாதிரி இருக்கும், மடியில கிடக்கற குழந்தைங்க அலறும். எங்க வீட்டுக்காரருக்கு அடங்கின குரல். உப்பு வேணும்னாக்கூட ரெண்டாவது தடவை கேட்டாத்தான் எனக்குக் காதுல விழும். குரல் சின்னதா இருக்கறது ஒரு குத்தமா?

கர்னல் துரைக்கு அந்தத் தொண்டை பிடிச்சுப்போச்சு. முதல்ல கையில ஒரு பட்டை தைச்சாங்க. அப்புறம் மூணு பட்டை. அப்புறம் லெப்டினன்ட். நம்ம ஜனங்களுக்குன்னு ஒரு கம்பெனி பிரிச்சப்ப, அதுக்கு நம்மவர் ஒருத்தரே கேப்டனா இருக்கட்டும்னு இவரை வெச்சுட்டாங்க. தமிழ் பேசற மனுஷன் கேப்டன் ஆனது ஊருக்கே பெருமைன்னு பேசிக்கிட்டாங்க. எனக்கும் பெருமைதான். பொறாமைன்னு நினைச்சுக்காதீங்க, எனக்கு அந்தக் குணமே கிடையாது. ஆனா மனுஷன் கண்ணாடி முன்னாடி நின்னு மீசைக்கு மெழுகு தடவ ஆரம்பிச்சார். வண்டிமாட்டைக்கூட இங்கிலீஷ்லதான் நிக்கச் சொன்னார். அதெல்லாம் கொஞ்சம் ஜாஸ்தி இல்லையா?

எனக்கு உறைச்சது மகாராணி பிறந்தநாள் அன்னைக்குத்தான். வருஷாவருஷம் அன்னைக்குப் பெரிய பரேடு. கடற்கரையில கயிறு கட்டி, உள்ள பந்தல் போட்டு நாற்காலி போட்டிருப்பாங்க. ஆபீசர் வீட்டுப் பொம்பளைங்க பந்தல்ல உக்காரலாம். அதனால என் ஓரகத்தி கிருபை துரைசானிங்களோட நாற்காலியில உக்காந்திருந்தா. லேஸ் வெச்ச ரவிக்கை, கையில விசிறி. தரங்கம்பாடி போர்டிங்குல படிச்சவ, இங்கிலீஷ் பேசுவா. துரைசானி என்னமோ சொல்ல இவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா. நான், மூத்த மருமக, கயித்துக்கு இந்தப் பக்கம் வெயில்ல நிக்கறேன். பக்கத்துல வேர்க்கடலை விக்கற பொம்பளை. கிருபை என்னைப் பார்த்துட்டு உள்ள வாங்கக்கான்னு கையைக் காட்டினா. காவல்காரன் விடுவானா? விடமாட்டான்னு தெரிஞ்சுதான் கூப்பிட்டா. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அந்த வருஷம் குறி சுடறதுல முதல் பரிசு எங்க வீட்டுக்காரருக்கு. பேரைக் கூப்பிட்டாங்க. எனக்கு நெஞ்சு கொள்ளல. வரிசையை விட்டு வந்து விறைப்பா நடந்து போனாங்க. போய்த் தம்பி முன்னாடி நின்னாங்க. நின்னு, கையைத் தூக்கி நெத்தியில வெச்சாங்க. வேர்க்கடலைக்காரி என்கிட்டயே சொல்றா, பாருங்கம்மா, அண்ணங்காரர் தம்பிக்குச் சலாம் போடறார்னு. பரிசு என்ன குடுத்தாங்கன்னு இன்னைக்குவரைக்கும் எனக்கு ஞாபகம் இல்ல. அந்தக் கைதான் கண்ணுல நிக்குது. வருஷப்பிறப்பு அன்னைக்கு அண்ணன் கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கற தம்பிம்மா அது. வயிறு எரியாம என்ன செய்யும்?

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவுங்க சிரிச்சாங்க. அங்க அப்படித்தான், அது முறை, அவன் மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லன்னாங்க. உங்களுக்கு வருத்தமில்ல, எனக்கு இருக்குன்னேன். நீ பட்டாளத்துலயே இல்லையே, உனக்குத் துப்பாக்கியே குடுக்கலையேன்னு சொல்லி மறுபடி சிரிச்சாங்க. அவுங்க சுபாவம் அது.

இதைவிட இன்னொண்ணு. பரேடு முடிஞ்சா மனுஷன் நேரா தன் வீட்டுக்குப் போகலாம்ல? போகமாட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல்ல எங்க வீட்டுக்குத்தான் வருவார். கத்தியைக் கழட்டி வாசல்லயே சாத்தி வைப்பார். தொப்பியை எடுத்துக் கக்கத்துல வெச்சுக்குவார். அண்ணன் வந்து உக்காருடான்னு சொல்ற வரைக்கும் நிலைப்படிக்கிட்ட நின்னுக்கிட்டே இருப்பார். உக்கார்றதுக்கு முன்னாடி குனிஞ்சு அண்ணன் காலைத் தொடுவார். எதுக்குன்னு நினைக்கறீங்க? உடுப்பைக் காட்டத்தான். உக்காந்தா மடிப்புக் கலைஞ்சுடுமே, அதான் நிக்கறது. கத்தியை வாசல்ல வைக்கறது தெருவுல போறவங்க பார்க்கணும்னு. நான் அப்பவே கண்டுபிடிச்சுட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் புரியாது. தம்பி வர்ற நேரத்துக்குப் பார்த்துப் பார்த்து வெந்நீர் போட்டு வைக்கச் சொல்லுவாங்க.

சாத்தூர் வந்துடுச்சு. வெள்ளரிப்பிஞ்சு விக்கறான், வாங்கிக்கறீங்களா? எனக்கு வேணாம், துக்க வீட்டுக்குப் போறப்ப வாயை மென்னுக்கிட்டுப் போகக்கூடாது. நீங்க சாப்பிடுங்க.

எங்க விட்டேன்? ஆங், பஞ்ச வருஷம். மழையே இல்ல, நெல்லு விலை ஏறிப்போச்சு. எங்க ஊர் கூட்ஸ் ஷெட்டுல வெளியூருக்கு ஏத்தற மூட்டையெல்லாம் அடுக்கிக் கிடந்துது. ஜனங்க கூடிட்டாங்க. எங்க பசிக்கு இல்லாத நெல்லு எங்கேயோ போகுதான்னு கேட்டு ஷெட்டுக் கதவை உடைக்க வந்துட்டாங்க. போலீஸ் பத்தலன்னு வாலண்டியர் பட்டாளத்தைக் கூப்பிட்டாங்க. அதுவரைக்கும் பொம்மையைச் சுட்டுப் பழகினவங்க, அன்னைக்குத்தான் நெசத்துப் பட்டாளமா போய் நின்னாங்க. வேதமாணிக்கத்தோட கம்பெனி முன்வரிசை. அதுல எங்க வீட்டுக்காரர். எதிர்ல யாருங்கறீங்க? வெளிப்பாளையத்து ஆளுங்க, வலைக்காரங்க, நேத்துவரைக்கும் முகம் பார்த்துப் பேசினவங்க.

கல்லு பறந்துது. ஒண்ணு வந்து எங்க வீட்டுக்காரர் நெத்தியில பட்டுது. ரத்தம் கண்ணுல வழிஞ்சுது. சுடச்சொல்லி உத்தரவு வரும்னு எல்லாரும் துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு நிக்கறாங்க. சுடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கு எத்தனை வீட்டுல இழவு விழுந்திருக்குமோ. மனுஷன் சொல்லல. தொப்பியைக் கழட்டிக் கீழ வெச்சுட்டு, கத்தியை உறையோட கழட்டி அண்ணன் கையில குடுத்துட்டு, வெறுங்கையோட கூட்டத்துக்குள்ள நடந்து போயிட்டார். போய் அந்தத் தொண்டையை எடுத்துவிட்டார். உக்காருங்கன்னு ஒரே சத்தம். நம்ப மாட்டீங்க, அத்தனை ஜனமும் வெயில்ல உக்காந்துடுச்சு. ஊருக்குப் பாதி மூட்டையை நியாய விலைக்கு விக்கச் சொல்லிக் கர்னல் துரைகிட்டப் பேசறேன்னு வாக்குக் குடுத்தார். பேசவும் பேசினார். ஒரு குண்டு வெடிக்கல.

இதுக்கு அவருக்கு மெடல். நெஞ்சுல குத்திவிட்டாங்க. நீங்களே சொல்லுங்க, குண்டே வெடிக்காத சண்டைக்கு மெடலா? கல்லடி பட்டது யாரு? ரத்தம் யாரோடது? மெடல் குத்தற அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் தலையில கட்டோட வரிசையில நின்னு கையைத் தூக்கறாங்க. மறுபடி அதே சலாம். கிருபை மறுபடி அதே நாற்காலி. இந்தத் தடவை கர்னல் வீட்டு துரைசானி எழுந்து வந்து அவ கையைப் பிடிச்சுக் குலுக்கினா.

அன்னைக்குச் சாயங்காலம் வழக்கம்போல வந்து நிலைப்படியில நின்னார். அவுங்களுக்குக் கட்டு மாத்திக்கிட்டிருந்தேன். எனக்குத் தாங்கல. அண்ணன் காலைத் தொடறதுக்குள்ள நான் கேட்டுட்டேன். ஏம்ப்பா, அடிபடறது ஒருத்தர், மெடல் இன்னொருத்தருக்கா, இன்னும் எத்தனை வருஷத்துக்கு உங்க அண்ணன் உனக்குச் சலாம் போட்டுக்கிட்டே இருக்கணும்னு கேட்டேன். மனுஷன் முகம் கறுத்துப்போச்சு. மெதுவா சொன்னார். அந்தத் தொண்டையில அவ்வளவு மெதுவான பேச்சு வரும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

“அண்ணி, அந்த சல்யூட் எனக்கு இல்ல. அண்ணன் எனக்கு சல்யூட் பண்ணினா என் கை விளங்காது. அது மகாராணி எனக்குக் குடுத்திருக்கற கமிஷனுக்கு. கமிஷனுக்குத்தான் எல்லாரும் சல்யூட் பண்றாங்க.”

கேட்டீங்களா? அவர் வாயாலேயே வந்துடுச்சு. கமிஷன். எனக்கா கமிஷன் தெரியாது? மண்டிக்காரன் மகளுக்கு? மூட்டைக்கு இவ்வளவுன்னு எங்க அப்பா வாங்கினதும் கமிஷன்தானே. சம்பளம் இல்லாத பட்டாளம், அப்புறம் எதுல வருதுன்னு நான் ஆரம்பத்துலேருந்து யோசிச்சேன்ல, இதுலதான் வருது. எத்தனை பேர் கையைத் தூக்கறாங்களோ அத்தனைக்கும் தலைக்கு இவ்வளவுன்னு மேல இருந்து வருது. எங்க வீட்டுக்காரர் தூக்கற கைக்கும் சேர்த்து. அண்ணன் தூக்கறார், தம்பி கமிஷன் வாங்கறார். கிருபையோட லேஸ் ரவிக்கை எங்கேருந்து வந்துதுன்னு இப்பத் தெரியுதா?

என்னம்மா, ஏதோ சொல்ல வந்தீங்களே? இருங்க, முடிச்சுடறேன், அப்புறம் சொல்லுங்க. விட்டா எனக்குக் கோர்வை விட்டுப்போயிடும்.

நான் ஊர் பூரா தம்பட்டம் அடிக்கல. அந்தப் பழக்கம் எனக்கில்ல. ஒரே ஒரு ஆள்கிட்டச் சொன்னேன், கோயில்ல மணி அடிக்கற கோயில்பிள்ளை சம்சாரத்துகிட்ட, அதுவும் ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு செருப்பு மாட்டறப்ப. எங்க கொழுந்தனார் கமிஷன் வாங்கறார்னு மட்டுந்தான் சொன்னேன். அவ வாய் சும்மா இருக்குமா? அடுத்த வாரமே உடுப்புத் துணியில கமிஷன்னு ஆச்சு. அதுக்கடுத்த வாரம் பூட்ஸுல கமிஷன். அப்புறம் துப்பாக்கி மருந்துல கமிஷன். பூட்ஸ் தைச்சுத் தர்ற சாயபு பாவம், ஊரைவிட்டே ஓடப் பார்த்தார். சட்டைக்காரங்களுக்கு ஏற்கனவே வயித்தெரிச்சல், தமிழன் ஒருத்தன் கேப்டனான்னு. அவங்க கொண்டுபோய்க் கர்னல் துரை காதுல போட்டுட்டாங்க. பொறாமை பிடிச்சவங்கம்மா அவங்க.

விசாரணை வெச்சார். உனக்கு யார் சொன்னா, உனக்கு யார் சொன்னான்னு கேட்டுக்கிட்டே வந்து கடைசியில எங்க வீட்டு வாசல்ல நின்னுடுச்சு. எங்க வீட்டுக்காரர் திங்கக்கிழமை ஆபீசுக்கு வரணும்னு சேவகன் வந்து சொல்லிட்டுப் போனான். அத்தனை ஆபீசர்ங்க முன்னாடி நின்னு, இந்தப் பேச்சு உன் வீட்டுலேருந்து கிளம்பினதா, யார் கிளப்பினாங்கன்னு சொல்லணும். சத்தியப் பிரமாணம் பண்ணிச் சொல்லணும். அவுங்க ரெண்டு நாளாச் சோத்துல கையே வைக்கல. ஆமான்னு சொல்லிடுங்க, நான் என்ன பொய்யா சொன்னேன்னு கேட்டேன். ஆமான்னா உன்னைக் கூப்பிட்டு நிறுத்துவாங்க, இல்லன்னா வேதத்துமேல கையை வெச்சுப் பொய் சொல்லணும்னாங்க.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் வேதமாணிக்கம் வந்தார். உடுப்பு இல்ல, சாதாரண கோட்டு. அன்னைக்கும் நிலைப்படியில நின்னார். நான் அடுப்பங்கரையில இருந்தேன், ஒரு வார்த்தை விடாமக் கேட்டுது.

“அண்ணே, நாளைக்கு நீங்க போக வேண்டாம். விசாரணை இல்ல. நான் துரை பங்களாவுக்குப் போய்க் கமிஷனைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. கரண்டியோட வெளியில வந்தேன். பார்த்தீங்களா, வாங்கினதாலதானே திருப்பிக் குடுத்தார், வாங்காதவர் எதைத் திருப்பிக் குடுப்பார்னு நல்லாக் கேட்டேன். ரெண்டு பேரும் என்னைப் பார்த்தாங்க. வேதமாணிக்கம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எங்க வீட்டுக்காரர் கையைக் காட்டி, வேண்டாம்டா, சொல்லாதேன்னு தடுத்துட்டாங்க. எதைச் சொல்ல வேண்டாம்? சாக்குச் சொல்ல வேண்டாம்னுதான். அண்ணனுக்கே தெரிஞ்சுபோச்சு தம்பி பண்ணினது. அவமானத்துல அவுங்க கண்ணுல தண்ணி. நான் மேற்கொண்டு ஒண்ணும் கேக்கல. ஜெயிச்சதுக்கப்புறம் மிதிக்கறது என் வழக்கமில்ல.

அத்தோட கேப்டன் போச்சு. விசாரணைக்குப் பயந்துதான் விட்டுட்டார்னு ஊர் பேசுச்சு. தெருவுல போனா முதுகுக்குப் பின்னாடி கமிஷன் கேப்டன்னு பையனுங்க கத்துவாங்க. எங்க வீட்டுக்காரரும் அந்த வாரமே துப்பாக்கியைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. வேதமாணிக்கம் மாத்தல் கேட்டு வாங்கிக்கிட்டு மணியாச்சிக்குக் கிளம்பினார்.

வழியனுப்ப நாங்களும் ஸ்டேஷனுக்குப் போனோம். போகாம இருந்தா ஊர் என்ன பேசும்? ரயில் ஏறப் போற சமயம், எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணினாங்க தெரியுமா? பிளாட்பாரத்துல அத்தனை பேர் பார்க்க, குதிகாலைச் சேர்த்து விறைப்பா நின்னு, தம்பிக்கு சல்யூட் அடிச்சாங்க. உடுப்பு இல்ல, கத்தி இல்ல, கமிஷனும் திருப்பிக் குடுத்தாச்சு. அப்ப எதுக்கு அந்த சல்யூட்? நெத்தியில வெச்ச கையை எடுக்கவே இல்ல. அந்தப் பெரிய தொண்டைக்காரர் ஒரு சத்தமும் வராம அழுதார். அப்படியே குனிஞ்சு அண்ணன் காலைத் தொட்டார். எனக்கு ஒண்ணும் விளங்கல. கிருபை என்கிட்ட வந்து, போயிட்டு வரேங்க்கா, உடம்பைப் பார்த்துக்குங்கன்னா. நான் அவுங்க சாமான் எல்லாம் ஏறிடுச்சான்னு எண்ணிக்கிட்டு நின்னேன்.

அதுலேருந்து எங்க வீட்டுக்காரர் என்கிட்டச் சண்டை போட்டதில்ல. திட்டினதில்ல. சோறு போட்டா சாப்பிடுவாங்க, கேட்டா பதில் சொல்லுவாங்க. அவ்வளவுதான். தானா ஒரு பேச்சு கிடையாது, சிரிப்பு கிடையாது. லீவு கிடைச்சா மணியாச்சி. வேலையிலேருந்து ஓய்வு வாங்கினதுக்கு அப்புறம் வருஷத்துல பாதி நாள் மணியாச்சியிலதான், இப்பவும் அங்கதான் இருக்காங்க. அங்க தம்பியோட உக்காந்து ராத்திரி ரயில் போற வரைக்கும் பேசுவாங்களாம், சிரிப்பாங்களாம். கிருபை வெக்கற குழம்பு நல்லாயிருக்காம். என்கிட்டச் சொல்லல, பக்கத்து வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிக் கேட்டேன். முப்பது வருஷமா நான் வெக்கற குழம்புக்கு என்ன கேடு? கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கிருபை பலகாரம் கட்டி அனுப்புவா, மேல அக்காவுக்குன்னு எழுதி. நான் அவளுக்கு ஒரு துண்டு முறுக்குக்கூட அனுப்பினதில்ல. அனுப்பணும்னு அவசியமில்ல. தப்பு அவுங்க மேல. மணியாச்சி கிட்ட வந்துடுச்சு போல இருக்கே, கடம்பூர் தாண்டியாச்சு.

இப்பச் சொல்லுங்க. என்னமோ சொல்ல வந்தீங்களே.

என்னது?

பட்டாளத்துல கமிஷன்னா அது இல்லையா?

மகாராணி கையெழுத்துப் போட்டுக் குடுக்கற பத்திரமா? இன்னாரை என் பட்டாளத்துல அதிகாரியா வெச்சிருக்கேன், என் பேரால நில்லுன்னு சொல்றது? காசே இல்லையா அதுல? சல்லிக்காசுகூடவா இல்ல? திருப்பிக் குடுத்துட்டேன்னா… வேலையை வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்னு அர்த்தமா?

உங்களுக்குச் சரியாத் தெரியுமா? பாளையங்கோட்டையில ஒரு மாதிரி இருக்கும், நாகப்பட்டணத்துல வேற மாதிரி இருக்கலாம். இல்லையா? எல்லா ஊர்லயும் ஒண்ணுதானா?

சரி. இருக்கட்டும். எனக்கு யார் சொன்னா? ஒருத்தர் சொன்னாத்தானே தெரியும்? நான் வீட்டுல இருக்கற பொம்பளை, எனக்கு எப்படித் தெரியும்? அவுங்களுக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரருக்கு அன்னைக்கே தெரியும். வேண்டாம்டா, சொல்லாதேன்னாங்களே, இதைத்தான் சொல்ல வேண்டாம்னாங்களா? சொல்லியிருந்தா நான் என்ன செத்தா போயிருப்பேன்?

ஆமாம்மா, ஒருவேளை போயிருப்பேன். அதனாலதான் சொல்லலையோ என்னமோ.

அப்ப கிருபைக்கு? அவ இங்கிலீஷ் படிச்சவளாச்சே. ஸ்டேஷன்ல என் முன்னாடி நின்னு, உடம்பைப் பார்த்துக்குங்கன்னு சொன்னாளே, அப்பவே அவளுக்கு எல்லாம் தெரியும். என் வாயாலதான் அவ புருஷன் தலைகுனிஞ்சார்னு தெரியும். தெரிஞ்சுக்கிட்டே அதிரசம் சுட்டு அனுப்பியிருக்கா. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா நானும் பதிலுக்குக் கேட்டிருப்பேன், சண்டை போட்டு முடிஞ்சு போயிருக்கும். கேக்கவே இல்லையே அவ. எனக்கு எவ்வளவு ஆத்திரம் வருது தெரியுமா உங்களுக்கு?

வண்டி மெதுவாப் போகுது. வந்துடுச்சு. ஸ்டேஷன் மாஸ்டர் வீடு பிளாட்பாரத்தை ஒட்டித்தான்னு சொல்லுவாங்க. அந்த ஓட்டு வீடாத்தான் இருக்கணும், வாசல்ல பெஞ்சு போட்டு ஆளுங்க உக்காந்திருக்காங்களே. அதோ எங்க வீட்டுக்காரர். எப்படி இளைச்சுப்போயிட்டாங்க. பக்கத்துல வெள்ளைச் சேலையில நிக்கறாளே, அவதான். அடையாளமே தெரியல. தலை பூரா நரைச்சுப்போச்சு.

அந்த மூட்டையைக் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கம்மா. என்னைப் பார்த்துட்டா. ரயில் நிக்கறதுக்குள்ள கிளம்பி வர்றா பாருங்க. நான் படியில காலை வைக்கறதுக்குள்ள வந்து அக்கான்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதுடுவா. நான் ஒரு வார்த்தை வாயைத் திறக்க விடமாட்டா. அதுலயும் அவதான் என்னை முந்திக்கப் போறா.